படம் போய் உட்காரும் இடம்: ஒரு தனித்தொழில் ஓவியரின் ஓராண்டு வேலைகள்

சென்னையில் தனியாகத் தொழில் செய்யும் ஓவியர் ஒருவரின் கடந்த ஓராண்டு வேலைகளைப் பற்றிய ஆய்வுக் குறிப்பு இது. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. கேட்பவர்களுக்கு வரைந்து கொடுத்து அதில் வாழ்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம், வாடிக்கையாளர்கள் பெயரும் வேண்டாம் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். நான் புத்தகங்களுக்கு லே-அவுட் செய்கிறவன். இங்கே வரும் ஐந்து வேலைகளில் சிறுவர் புத்தகத்துக்குப் பக்கம் கட்டியது நான்தான், கடைசியில் வரும் அவருடைய சொந்தப் புத்தகத்துக்கும் நானே கட்டுகிறேன். மற்றவற்றின் கோப்புகளையும் கடிதப் போக்குவரத்தையும் அவரே எடுத்துக் காட்டினார்.

ஓவியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஸ்டைலைச் சுற்றும், ஐபேடைச் சுற்றும், கடைசியில் ரேட்டில் போய் நிற்கும். இந்த ஐந்து வேலைகளிலும் சிக்கல் வந்த இடம் வேறு. படம் கடைசியில் எதன் மேல் போய் உட்காரப் போகிறது? ஆர்ட் பேப்பரா, பள்ளிக்கூடச் சுவரா, போன் திரையா, மண்டப வாசல் ஃப்ளெக்ஸா? இது முதலிலேயே தெரிந்த வேலைகள் வழுக்கிக்கொண்டு போயின. பாதியில் இடம் மாறிய வேலைகள்தான் இழுத்தடித்தன. வேலை கேட்டு யாராவது கூப்பிட்டால், என்ன வரைய வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே “எங்க வரப் போகுது?” என்று இவர் கேட்பது எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது. இப்போது இல்லை.

மார்கழி அட்டை

நகரத்தின் சிறிய சபா ஒன்று டிசம்பர் கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரலுக்கு அட்டைப் படம் கேட்டது. செயலாளர் மாதிரிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏஐயில் தட்டி எடுத்தது. தள்ளி நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. கிட்டப் போனால் வயலின்காரர் தரையில் சம்மணமிட்டபடி, மேல்நாட்டுக்காரரைப் போல வயலினைத் தாடைக்கடியில் செருகியிருந்தார். ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டிய கரணை என்னும் கறுப்பு வட்டம் மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் இருந்தது. வீணைத் தண்டின் குறுக்கே இருக்கும் மெட்டுகள் பாதி வழியில் கரைந்து எங்கோ போயின. “இதே மாதிரி, ஆனா நம்ம ஊர் மாதிரி” என்பது செயலாளர் எழுதியிருந்த குறிப்பு.

ஓவியர் சங்கீதம் படித்தவரல்ல. கச்சேரிகளுக்குப் போய் முன் வரிசையில் உட்கார்ந்து வரைந்தார். அந்த நோட்டுப் புத்தகம் இந்த ஆண்டில் அவர் வரைந்தவற்றிலேயே எனக்குப் பிடித்தது. வயலினின் சுருள் தலை வலது பாதத்தின் மேல் ஊன்றியிருப்பதை ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கணுக்கால் எலும்புக்கும் சுருளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது வரை குறிப்பு இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலக்கை வாசிக்கும் பக்கத்தில், கறுப்புக் கரணை, மறுபக்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன் குழைத்து அப்பிய ரவை, அதன் வெளிறிய வட்டம். வீணைக்கு 24 மெட்டு, வாசிக்கும் தந்தி நான்கு, தாளத் தந்தி மூன்று. மிருதங்கக்காரர் ஏன் பாடகரின் வலப்புறம் உட்கார்கிறார் என்பதும் ஓரத்தில் எழுதியிருக்கிறது: அப்படி உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும்.

முன்னட்டையில் பாட்டுக் கச்சேரி, பின்னட்டையில் வீணை என்று வரைந்து அனுப்பினார். ஒரே பார்வையில் ஓகே ஆனது. அப்புறம்தான் வினை. சபாவின் சின்னம் இடது மேல் மூலையில் வர வேண்டுமாம். அந்த மூலையில் தம்புராவின் தண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் பக்கம் கட்டியவர் யாரையும் கேட்கவில்லை, முன்னட்டைப் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார். ஒரே கிளிக், இடம் காலி.

கச்சேரி மொத்தமும் இடக்கைக்கு மாறிவிட்டது. வயலின்காரர் இடது கையால் வில் போடுகிறார். மிருதங்கக்காரர் இடது கையால் வலந்தலையை வாசிக்கிறார். இடக்கை மிருதங்கம் உலகத்தில் இல்லாததில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர்தான், அவர் வாசிப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேடையில் இருக்கும் எல்லோருமே இடக்கை என்றால் கொஞ்சம் அதிகம். இந்த அட்டை வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததும் வித்வான்கள் வில்லைக் கவனிப்பதற்கு முன்பே செயலாளர் வீட்டம்மா வேறொன்றைப் பிடித்துவிட்டார். “ஏங்க, அந்தப் பொண்ணு எதுக்குக் குஜராத்திக் கட்டு கட்டியிருக்கு?” பாடகியின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

நல்லவேளையாக அச்சுக்குப் போயிருக்கவில்லை. ஓவியர் அன்று மாலையே தம்புராவைக் கீழே இறக்கி, மூலையைக் காலி செய்து வேறு கோப்பு அனுப்பிவிட்டார். படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் படைத்தவருக்கு இருக்கிறது. படத்தைக் கொடுத்துக் காசு வாங்கிய பிறகும் அந்த உரிமை போகாது. இது அவருக்குத் தெரியும். செயலாளரிடம் சட்டம் பேசுவதைவிடத் தம்புராவை நகர்த்துவது சுலபம் என்று விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் அந்தத் திருத்தத்துக்காவது தனியாகக் காசு வாங்கியிருக்க வேண்டும். அதுவும் வாங்கவில்லை. ஆனால் அவருடைய ஆர்டர் படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: படத்தின் மேல் வேறு என்னென்ன வரும், எந்தெந்த மூலையில்? அந்த வாரத்திலிருந்து அவர் அனுப்பும் கோப்புகளின் பெயரே “திருப்பவேண்டாம்” என்றுதான் முடிகிறது.

சதுப்பு நிலப் புத்தகம்

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, இன்னொரு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் தண்ணீரும் கோரையும் பறவைகளும். அதைப் பற்றி ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகம், 24 பக்கம். சிறிய பதிப்பகம். தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக வரும், பின்னால் தெலுங்கும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு இவர்மேல் மரியாதை வந்தது வண்ணத்தைப் பார்த்து அல்ல. முதல் சந்திப்புக்கு அவர் கொண்டுவந்தது ஒரு டம்மி. ஆறு தாளை மடித்து நடுவில் பின் அடித்த வெள்ளை நோட்டு, அதில் பென்சிலில் கட்டைவிரல் அளவுக் கிறுக்கல்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். 24 பக்கத்தில் 12, 13 மட்டும்தான் உண்மையிலேயே ஒரே தாளின் விரிப்பு. மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாளில் அச்சாகி, மடித்துச் சேர்க்கும்போது சந்திப்பவை. ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் நாரையின் கழுத்து நடுவில் ஒடிந்துவிடும். ஆகவே பூநாரைக் கூட்டத்தை, நூறு கால்களும் நூறு கழுத்துகளும் உள்ள அந்த ஒரே பெரிய காட்சியை, 12–13-ல் வைத்திருந்தார். மற்ற விரிப்புகளில் மடிப்பு விழும் இடத்தில் வெறும் தண்ணீர், வானம், கோரை. கதை எழுதியவர் பூநாரையை 16ஆம் பக்கத்தில்தான் கொண்டுவந்திருந்தார். டம்மியைப் புரட்டிக் காட்டியதும் அவரே கதையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். வார்த்தையில் வாதாடியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மொழி. ஒரே படத்துக்குப் பல மொழியில் எழுத்து மாற்றி அச்சடிக்கும்போது எழுத்தை எல்லாம் கறுப்புப் பிளேட்டில் (ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு உண்டு) மட்டும் வைத்துக்கொள்வார்கள். சியான் என்னும் நீலம், மெஜந்தா, மஞ்சள் பிளேட்டுகள் அப்படியே இருக்க, கறுப்பை மட்டும் மாற்றினால் அடுத்த மொழி வந்துவிடும். செலவு குறையும். ஆனால் படத்துக்குள்ளேயே எழுத்து இருந்தால்? கதையில் ஒரு மாநகரப் பேருந்து வருகிறது, ஒரு டீக்கடை வருகிறது. இரண்டிலும் பலகை உண்டு. பலகைகளை வெறுமையாக வரைந்து, எழுத்தைத் தனி லேயரில் முழுக் கறுப்பில் எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் செய்தார். ஒரே வாக்கியம் ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக இடம் கேட்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் வரிகளை அளந்து, அவ்வளவு வானத்தை முதலிலேயே விட்டிருந்தார். லே-அவுட்காரன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

அடுத்தது இலைக்கோழி. கதையில் ஒரு பக்கம்: நீளவால் இலைக்கோழி அல்லி இலை மேல் முட்டையிட்டு அடைகாக்கிறது, “அம்மா அசையவே இல்லை” என்று வரி. ஓவியர் பறவை பார்க்கிறவர்களிடம் விசாரித்து, படங்களையும் பார்த்துவிட்டுப் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் போட்டார். இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். பெண் முட்டையிட்டதோடு சரி, அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். வழக்கமாக நான்கு முட்டை. அவற்றைக் காப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் அப்பாதான். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “நான் எப்படி வரைந்தாலும் இது அப்பாதான் மேடம், நீங்கள் என்ன எழுதினாலும்.”

பதிப்பகத்தில் கொஞ்சம் தயங்கினார்கள். படிக்கும் பெற்றோர் இது தப்பு என்று நினைத்துக்கொள்வார்களோ என்ற பயம். கதை எழுதியவருக்கோ குஷி. “அப்பா அசையவே இல்லை” என்று மாற்றினார், அதைத் தொடர்ந்து நாலு இடத்தில் கதையே திரும்பியது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் விளக்கம் போட்டோம். புத்தகம் வந்த பிறகு பிள்ளைகள் அதிகம் கேட்பது இந்தப் பக்கத்தைப் பற்றித்தானாம். நீண்ட வாலை வரைந்ததிலும் கணக்கு உண்டு. அந்த வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான் இருக்கும், மற்ற மாதங்களில் உதிர்ந்துவிடும். அடைகாக்கும் பறவை என்பதால் வால் வேண்டும். குளிர்காலப் பக்கத்தில் அதே பறவை மறுபடி வருகிறது, அங்கே வால் இல்லை. எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று கேட்டேன். “கவனிக்கிற பிள்ளை ஒண்ணு இருக்கும்ல” என்றார்.

நிறத்தில்தான் உண்மையான இழுபறி. நீலத் தாழைக்கோழி பளீரென்ற ஊதா கலந்த நீலம், சிவப்பு அலகு, சிவப்புக் கால். போன் திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுவது. அந்த நீலம் அதில் ஜொலிக்கும். காகிதத்தில் நான்கு மைகளைக் கொண்டு அந்த ஜொலிப்பை எட்ட முடியாது. சியானும் மெஜந்தாவும் அளவில் நெருங்கி வந்தால் நீலம் என்று போனது கத்தரிப்பூ நிறத்தில் திரும்பி வரும். இவர் மெஜந்தாவைச் சியானைவிட 30 சதவீதமாவது கீழே வைத்து, முதல் நாளிலிருந்தே அச்சு வண்ணத்தில்தான் வேலை செய்தார். பதிப்பாளர் பிடிஎஃபைப் போனில் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “கலர் டல்லா இருக்கேம்மா. போன தடவை இன்ஸ்டாவுல போட்டீங்களே, அது பளிச்னு இருந்துச்சே?”

இதற்குப் போனில் பதில் சொல்லிப் பயனில்லை. புத்தகத்துக்கு வாங்கப்போகும் அதே ஆர்ட் பேப்பரில் அந்த ஒரு பக்கத்தை இரண்டு விதமாக டிஜிட்டல் பிரின்ட் எடுத்து, நேரில் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். ஒன்று திரைக்காகப் பளிச்சென்று வரைந்ததை அப்படியே மாற்றியது, இன்னொன்று அவர் கலந்த நீலம். முதலாவதில் கோழி கத்தரிக்காயாகிக் கிடந்தது. பதிப்பாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, சிவகாசிக்கு அனுப்பிடுங்க” என்றார். அச்சில் வந்த நீலம் அந்த இரண்டாவது தாளுக்கு மிக அருகில் இருந்தது.

குப்பைமேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கங்களின் பின்னணியில் தூரத்தில் சாம்பல் நிறக் குன்று, அதன் மேல் வட்டமிடும் கரும்பருந்துகள். இது குன்றா, குப்பையா என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். எடுத்துவிடலாமே என்று மெல்லச் சொல்லியும் பார்த்தார்கள். எடுக்க மாட்டேன் என்று ஓவியர் நின்ற ஒரே இடம் இதுதான். கதையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகள் ரயிலிலோ பஸ்ஸிலோ அந்தப் பக்கம் போனால் பார்க்கப்போவது அதைத்தான். படம் அதை மறைத்தால் மற்றப் பறவைகளையும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம்.

ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிப்பகம் முதலில் அனுப்பிய கடிதத்தில் “படங்களின் சகல உரிமையும்” என்று இருந்தது. இவர் அதை அடித்து, அச்சுப் புத்தகமும் மின்னூலும், இன்னின்ன மொழிகள், இத்தனை ஆண்டுகள் என்று எழுதி, பொம்மை, டி-ஷர்ட், காலண்டர் எல்லாவற்றுக்கும் தனியாகப் பேச வேண்டும் என்று சேர்த்தார். உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இதைச் சொன்னதும் பதிப்பாளரே பத்து ஆண்டு என்று போட்டுக்கொண்டார். முன்னட்டையில் எழுத்தாளர் பெயருக்குச் சமமான அளவில் ஓவியர் பெயர். பணம் மூன்று தவணை: ஆரம்பத்தில், பென்சில் வேலை ஒப்புக்கொண்டதும், கடைசிக் கோப்பு கொடுத்ததும். கடைசித் தவணை தாமதமானது. அது இந்தத் தொழிலில் செய்தியே இல்லை.

கல்யாணப் பத்திரிகை

சோறு போடுவது இந்த வேலைகள்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் புல்லட்டில் உட்கார்ந்திருக்க, பின்னால் நெல்லையப்பர் கோவில் கோபுரம், மேலே முகூர்த்த நேரம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் கேட்டார்கள், அதாவது 1080-க்கு 1920 பிக்சல் போதும். இவர் அப்போதும் ஏ3 அளவில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வரைந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிதாக்கிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் எதிர்பார்த்த போன் வந்தது. மண்டப வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம், சித்தப்பா ஆசைப்படுகிறாராம்.

கணக்கு இதுதான். ஏ3-யின் நீளப் பக்கம் 300 டிபிஐயில் 4,961 பிக்சல். பத்தடி என்றால் 120 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 41 பிக்சல். புத்தகத்துக்கு இது ஆகவே ஆகாது. ரோட்டிலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்குத் தாராளம். போனுக்கு அனுப்பிய 1,920 பிக்சலை இழுத்திருந்தால் அங்குலத்துக்கு 16தான் வரும், மாப்பிள்ளை மீசை படிக்கட்டாகியிருக்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும் என்பதால் டாக்குமென்ட்டாக அனுப்பினார்.

பிரச்சினை கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. ஃப்ளெக்ஸ் அடித்த உள்ளூர் அச்சகம் அந்தப் பெரிய கோப்பை வைத்துக்கொண்டு, முகங்களை மட்டும் மாற்றி, வேறு ஜோடிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. புல்லட் அதே, கோபுரம் அதே, கோபுரத்தின் மேல் இவர் வரைந்த கிளி கூட அதே. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய அழைப்பிதழில்தான் இவர் அதைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஓவியர்கள் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. வரைந்தவரே எப்போதும் முதல் உரிமையாளர் என்று. பொதுவாக அது சரி. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு ஓவியமோ உருவப்படமோ வரையப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவர்தான் முதல் உரிமையாளர். மணமக்களின் உருவப்படம் அந்த வாசகத்துக்குள் வசதியாக விழுகிறது. இவர்களுக்குள் எழுத்தில் எதுவும் இல்லை. ஆக, அச்சகத்தின் மேல் பாய வேண்டியவர்கள் மணமக்கள்.

பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் போனது. அவர் வக்கீலைத் தேடவில்லை, அச்சக முதலாளிக்கு ஒரு போன் போட்டார். “என்ன அண்ணாச்சி, எங்க மாப்ள வண்டிய ஊர்ல உள்ள மாப்ளைக்கெல்லாம் ஓட்டக் குடுக்கீயளாமே?” அன்றோடு நின்றது. எல்லாக் கேஸும் இப்படி முடியாது என்பதால் ஓவியர் இப்போது கல்யாண வேலைக்கும் அரைப் பக்கக் கடிதம் வைத்திருக்கிறார். முகம் உங்களுடையது, மற்ற வரைவின் உரிமை என்னுடையது, பெரிய கோப்பு வேண்டுமானால் என்னிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட யாரும் மறுத்ததில்லையாம். பெரும்பாலானோர் படிப்பதும் இல்லை.

பள்ளிச் சுவர்

வேடந்தாங்கலை ஒட்டிய ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளி. முன்னாள் மாணவர்கள் பணம் போட்டு, சுற்றுச்சுவரின் உள்பக்கம் நாற்பதடிக்குப் படம் வரையச் சொன்னார்கள். என்ன படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 18ஆம் நூற்றாண்டு முடியும் தருவாயிலேயே, சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று புகார் செய்து கும்பெனி கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அங்கே போய் யானை, மிக்கி மவுஸ் வரைய முடியாது.

சுவர் பழக்கம் இவருக்குக் குறைவு. அதனால் மதுராந்தகத்தில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு மூத்த ஓவியரைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை அடிபட்டுப் போய், இப்போது லாரிகளுக்கும் கோவில் உண்டியல்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். சுவரைப் பார்த்ததும் அவர் நகத்தால் ஒரு கீறு கீறினார். வெள்ளையாக உதிர்ந்தது.

“சுண்ணாம்பு அடிச்ச சுவரு பாப்பா. இது மேல எமல்ஷன் நிக்காது. அடுத்த மழைக்கு அப்பளமாப் பேந்து வந்துரும்.”

“அப்போ என்னண்ணே பண்றது?”

“சொரண்டணும். மொத்தத்தையும் சொரண்டிட்டு, கழுவி, காய விட்டு, பிரைமர். அப்புறம்தான் உன் கொக்கு.”

திட்டமிட்ட நாட்களில் ஒரு பெரிய பங்கு சுரண்டலில் போனது. முன்னாள் மாணவர்களில் சிலர் வந்து கூடச் சுரண்டினார்கள். கீழே இரண்டடிக்குப் படம் வேண்டாம் என்றும் அவர் சொன்னார். தரையிலிருந்து ஈரம் ஏறி உப்புப் பூக்கும், போதாததற்குப் பிள்ளைகளின் செருப்புக் கால் வேறு. அங்கே ரெட் ஆக்சைடு பட்டை ஒன்று அடித்து ஏரிக்கரை மண் என்று வைத்துக்கொண்டார்கள். இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசையாதவை. பளபளப்பான ரோஸ்தான் சீக்கிரம் வெளுக்கும். மஞ்சள் மூக்கு நாரையின் அழகே அதன் வால் பக்கத்து ரோஸ் இறகுகள், அதை என்ன செய்வது? காவியில் வெள்ளை கலந்து ஒரு மங்கல் ரோஸ் பிடித்தார் மூத்தவர். அசல் பறவையில் இருப்பதும் ஏறக்குறைய அந்த மங்கல்தான் என்று சின்னவர், அதாவது நம் ஓவியர், கோடையில் எடுத்த போட்டோவை வைத்துப் பார்த்துச் சொன்னார்.

பறவைகளை எல்லாம் உண்மை அளவில் வரைவது என்பது சின்னவர் யோசனை. கூழைக்கடா இறக்கையை விரித்தால் ஏறக்குறைய எட்டடி. மஞ்சள் மூக்கு நாரை நின்றால் மூன்றடிக்கு மேல், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோள் அளவு. சின்ன நீர்க்காகம் ஒன்றரை அடி. ஏணியை எடுத்து வைத்ததுமே பிள்ளைகள் கூழைக்கடா முன்னால் கையை விரித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்தருக்கும் எட்டவில்லை. இரண்டு பேர் கை கோத்து நின்றும் ஒரு பக்கம் கொஞ்சம் மிஞ்சியது. தலைமையாசிரியர் இப்போது அளவுப் பாடத்தை அங்கே வைத்துத்தான் நடத்துகிறாராம்.

பணத்தில் இது நஷ்டம் என்றே சொல்லலாம். சுரண்டலுக்கும் பிரைமருக்கும் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. இனிமேல் சுவர் வேலைக்கு, சுவரை நகத்தால் கீறிப் பார்க்காமல் விலை சொல்வதில்லை என்று வைத்திருக்கிறார்.

சொந்த வேலை

சுவரில் பறவைப் பெயர்களை எழுதியவர் மூத்தவர். நீலப் பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி ஒரு கோடு. அவ்வளவுதான் அவருக்கு அளவுகோல். பட்டைத் தூரிகையை எடுத்து ‘கூ’ எழுத ஆரம்பித்தால் கை நிற்பது ‘டா’வின் காலில்தான். ழகரத்தின் வாலை அவர் சுழிக்கும் விதத்தை ஓவியர் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். கணினி எழுத்துருக்களில் அந்தச் சுழி கிடையாது. பலகை எழுதும் ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒரு சுழி உண்டு.

அங்கிருந்து தொடங்கியதுதான் இவருடைய இந்த ஆண்டுச் சொந்த வேலை. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், மதுராந்தகம், செங்கல்பட்டு, உத்திரமேரூர் பக்கங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும், கையால் எழுதிய பலகைகளைத் தேடிப் போய் வரைகிறார். சைக்கிள் கடை, முடி திருத்தகம், அரிசி மண்டி, உரக்கடை. போட்டோ எடுப்பது சுலபம்தானே என்றேன். போட்டோவில் பலகை தெரியும், தூரிகை எந்த இடத்தில் திரும்பியது என்பது வரைந்தால்தான் புரிகிறது என்றார். சில பலகைகளில் எழுத்துக்கு நிழல் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். ஒரே ஆள் எழுதிய எல்லாக் கடைக்கும் நிழல் ஒரே பக்கம் விழும் என்பதை வைத்து, எழுதியவர் கையொப்பம் இல்லாத பலகைகளில் யார் எழுதியது என்று அவரும் மூத்தவரும் அடையாளம் பிடிக்கிறார்கள்.

இது ஒரு சிறு புத்தகமாக வருகிறது. இங்கேயும் இடம்தான் முதலில் முடிவானது. ஒரே ஒரு பாரம், அதாவது ஒரு பெரிய தாளை மடித்தால் வரும் 16 பக்கம், பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள், கறுப்பு மட்டும். நிறம் வேண்டுமென்றால் விலை ஏறும், கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள். கடைக்காரர்கள் வாங்கக்கூடிய விலையில் வர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். பக்கம் கட்டுவது நான்தான், இந்த முறை காசு கேட்கவில்லை.

மூத்தவரோடு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். மற்றவர்களிடம் கேட்டு வாங்கும் அதே வாசகம், இப்போது மறுபக்கத்திலிருந்து. எழுத்துகளின் உரிமை எழுதியவருக்கே, புத்தகத்தில் போட அனுமதி மட்டும், பிற்பாடு யாராவது இதை வைத்து எழுத்துரு செய்ய வந்தால் வரும் பணத்தில் சரிபாதி. மூத்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். அவர் கேட்ட திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: அட்டையில் தன் பெயருக்குப் பின்னால் “ஆர்ட்ஸ்” என்று சேர்க்க வேண்டும், அதைத் தானே எழுதித் தருவார்.